மெதுவாக எரியும் மருந்து

என் தங்கையின் கணவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர். இருபது ஆண்டுகளாக டெக்சாஸில் வசிக்கிறார். சென்ற ஆண்டு மூன்று மாதம் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, என் மாலைப்பொழுதுகளில் பெரும்பாலானவை கார் நிறுத்தும் கொட்டகையின் மூலையில் அவர் போட்டிருந்த மேசையருகில்தான் கழிந்தன. கோவை கணபதியில் முப்பத்தைந்து ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்தி வருபவனுக்கு, பிரஸ்ஸும் டையும் தராசும் மைக்ரோமீட்டரும் வரிசையாக அடுக்கியிருக்கும் மேசை எந்த நாட்டில் இருந்தாலும் அந்நியமாகத் தெரியாது. அந்த மேசையில் மாப்பிள்ளை தம்முடைய .357 மேக்னம் ரிவால்வருக்கான தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்கிறார். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, டையில் கொடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, தீமூட்டும் சிறு குப்பியான பிரைமரை வைத்து, துப்பாக்கி மருந்தை அளந்து ஊற்றி, குழலிலிருந்து பாய்ந்து செல்லும் தலைப்பகுதியான ரவையைப் பொருத்தி, கூட்டின் வாயை மடிக்கும் இந்த வேலை அங்கே சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. நம் நாட்டில் அப்படியில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெறாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இதை யாரும் செய்முறையாகப் படிக்க வேண்டாம். எந்த மருந்தை எத்தனை கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிற்றெடை) போடுவது என்ற எண் ஒன்றைக்கூட நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த எண்கள் மருந்து செய்யும் நிறுவனத்தின் கையேட்டில் மட்டுமே இருக்க வேண்டியவை. நான் எழுத விரும்புவது, ஒரு மருந்தை விட்டு இன்னொரு மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அடிப்படையாக இருக்கும் அறிவைப் பற்றி.

முதல் நாள் மாலை அவர் மூன்று சிறு தட்டுகளில் மூன்று வகை மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி என் முன்னால் வைத்தார். ஒன்று மிகச் சிறிய வட்டச் சில்லுகளாக இருந்தது. இன்னொன்று சாம்பல் நிறத்தில் பொடித் துணுக்குகளாக இருந்தது. மூன்றாவது கசகசாவைப் போல உருண்டை உருண்டையாக, விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு ஓடியது.

“இதுல ஒண்ணு சட்டுனு எரியும், ஒண்ணு நடுத்தரம், ஒண்ணு ரொம்ப மெதுவா எரியும். ரவை ரொம்ப வேகமாப் போகோணும்னா எதைப் போடுவீங்க மச்சான்?” என்று கேட்டார்.

வேகமாகப் போக வேண்டுமென்றால் வேகமாக எரிவதைத்தானே போட வேண்டும் என்று எண்ணி முதல் தட்டைக் காட்டினேன். அவர் தலையசைத்துவிட்டு, கசகசா போன்றிருந்த மூன்றாவது தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“இதுதானுங்க. மெதுவா எரியறதுதான் ரவையை வேகமாத் தள்ளும்.”

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது காங்கேயத்துக்கு அருகில் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில் வெட்டிய கிணறு. எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். கொங்கு நாட்டு மேட்டுக்காடுகளில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே போய்விட்டால் மண் கிடையாது, பாறைதான். ஒருவர் துளைக்கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடித்து அடித்துக் குழி போடுவார். குழி ஆழமான பிறகு மேஸ்திரி வந்து கல்லைத் தட்டிப் பார்த்து, இங்கே தோட்டாவா (பாறை உடைக்கும் வெடிக்குச்சியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கருமருந்தா என்று முடிவு செய்வார். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்ட முழுக் கற்களாக வேண்டும் என்று அப்புச்சி சொல்லியிருந்த இடங்களில் அவர் கருமருந்தைத்தான் வைத்தார். ஏன் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது: “தோட்டா கல்ல நொறுக்கும் கண்ணு. மருந்து கல்லத் தூக்கும்.”

நொறுக்குவதற்கும் தூக்குவதற்கும் உள்ள அந்த வேறுபாடுதான் ரிவால்வர் மருந்தின் தேர்விலும் இருக்கிறது. ஒன்றை மட்டும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். கிணற்றில் வைக்கும் தோட்டா உண்மையிலேயே வெடிப்பது. அதன் வெடிப்பு ஒலியைவிட வேகமாக அந்தப் பொருளுக்குள்ளேயே ஓடிவிடும். துப்பாக்கியில் போடும் புகையில்லா மருந்து, அது எந்த வகையானாலும், முறையாகப் பயன்படுத்தும்போது வெடிப்பதில்லை, எரிகிறது. ஒவ்வொரு துணுக்கும் அதன் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, அடுக்கடுக்காக எரிந்து வாயுவாகிறது. எனவே ரிவால்வரில் வேகமான மருந்து, மெதுவான மருந்து என்று சொல்வதெல்லாம் எரிவதற்குள் உள்ள ஏற்றத்தாழ்வுதான். ஆயினும் மேஸ்திரியின் சொல் இங்கும் பொருந்துகிறது.

ரவைக்குப் பின்னால் அழுத்தம் எவ்வளவு வரை ஏறலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. .357 மேக்னத்துக்கு அமெரிக்கத் தொழில்தரம் வகுத்திருக்கும் உச்சம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. எங்கள் பட்டறையில் இருக்கும் காற்றுக் கம்ப்ரஸர் 150 பவுண்டில் நின்றுவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், விரல் தடிமன்கூட இல்லாத எஃகுச் சுவர் எதைத் தாங்குகிறது என்பது புரியும். அந்த உச்சத்தைத் தாண்டக் கூடாது என்பது மாறாத விதி. அப்படியானால் கேள்வி, அதே உச்சத்துக்குள் நின்றுகொண்டு ரவையை எவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டே இருக்க முடியும் என்பதுதான். வேகமாக எரியும் மருந்து சிறிதளவே போட்டாலும் உடனே உச்சத்தைத் தொட்டுவிடும். ரவை குழலுக்குள் சிறிது தூரம் நகர்ந்ததும் அதன் பின்னால் இடம் பெருகுகிறது, ஆனால் மருந்து ஏற்கெனவே எரிந்து தீர்ந்துவிட்டதால் புது வாயு வருவதில்லை, அழுத்தம் சரிகிறது. மெதுவாக எரியும் மருந்தோ அதே உச்சத்தைத் தொட வேண்டுமானால் இரண்டு மடங்கு, சில வேளை மூன்று மடங்கு எடை தேவைப்படும். அத்தனை மருந்தும் வாயுவாக மாறும்போது வாயுவின் மொத்த அளவு அதிகம். ரவை முன்னே ஓட ஓட, பின்னால் எஞ்சிய மருந்து எரிந்து அழுத்தம் விழாமல் தாங்கிக்கொண்டே வருகிறது. இவையெல்லாம் நடந்து முடிவது ஏறத்தாழ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள். ரேக்ளாவில் கயிறு விட்டதும் ஒரே தாவலில் ஆளைத் தூக்கியடித்துவிட்டுப் பாதி வழியில் தளரும் காளையும், கடைசிக் கோடு வரை இழுப்பு மாறாமல் ஓடும் காளையும் எனக்கு நினைவுக்கு வந்தன.

நீளமான குழலுக்குத்தான் மெதுவான மருந்து, கட்டைக் குழலுக்கு வேகமான மருந்துதான் சரி என்று பலர் நம்புகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேக்னம் ரிவால்வரில் பெரும்பாலும் அது உண்மையில்லை. நீளக் குழலில் அதிக வேகம் தரும் மருந்துதான் கட்டைக் குழலிலும் அதிக வேகம் தருகிறது. வித்தியாசத்தின் அளவு மட்டும் குறைந்துவிடும், எரியாத மருந்து குழலின் வாயில் தீப்பந்தாக வெளியே கொட்டும். மாப்பிள்ளை வேகமானி வைத்து இதை எனக்குச் சுட்டுக் காட்டினார். அவருடைய ஆறு அங்குலக் குழலில், ஒரே எடையுள்ள ரவைக்கு, வேகமான மருந்தின் உச்ச அளவுக்கும் மெதுவான மருந்தின் உச்ச அளவுக்கும் இடையில் விநாடிக்கு 200 அடிக்கும் மேல் வித்தியாசம் வந்தது. இரண்டும் கையேட்டின் வரம்புக்குள் இருந்தவை.

மருந்தின் வேகத்தை எது தீர்மானிக்கிறது என்பது எனக்குப் பெரிதும் பிடித்த பகுதி. உள்ளே இருக்கும் சரக்கு ஏறத்தாழ ஒன்றுதான்: நைட்ரோசெல்லுலோஸ், அதாவது அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சு. சில வகைகளில் அதனுடன் நைட்ரோகிளிசரினும் சேரும். பருத்திக் காட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு, துப்பாக்கி மருந்தும் பஞ்சிலிருந்துதான் வந்தது என்பது வியப்பைத் தர வேண்டும். பிரான்சில் பால் வியேல் என்பவர் 1884-இல் இதைத் துப்பாக்கிக்கு ஏற்ற மருந்தாக்கினார். ஐந்து ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் ஏபலும் டூவரும் கயிறுபோல நீட்டி எடுத்த கார்டைட்டை உருவாக்கினார்கள். நமக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறினால் குன்னூரைத் தாண்டியதும் வரும் அருவங்காட்டில் 1903-இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை இன்றும் இருக்கிறது. என் சித்தப்பா ஒருவர் அங்கே வேலை செய்தார். வாசலிலேயே தீப்பெட்டியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதைத் தவிர உள்ளே நடப்பது பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. மருந்து கயிறாக ஏன் இருக்க வேண்டும் என்று அப்போது அவரிடம் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

விடை வடிவத்தில் இருக்கிறது. எரிவது மேற்பரப்பு என்பதால், மேற்பரப்பு எவ்வளவு இருக்கிறது, எரிய எரிய அது குறைகிறதா கூடுகிறதா என்பதுதான் கணக்கு. மெல்லிய சில்லுக்கு எடையை ஒப்பிட மேற்பரப்பு மிக அதிகம், ஆகவே அது சட்டென்று எரிந்து தீரும். நடுவில் துளையிட்ட குட்டிக் குழாய்களாகச் செய்த மருந்தில் வெளிப்பக்கம் குறையும்போது உள்துளை பெரிதாகிக்கொண்டே போவதால் மேற்பரப்பு ஏறத்தாழ மாறாமல் நிற்கும். உருண்டை வடிவம் இதற்கு நேர்மாறு. எரிய எரிய அது சிறுத்துக்கொண்டே போகும், எனவே முதலில் வேகமாகவும் பின்னர் தணிந்தும் எரிய வேண்டியது அதன் இயல்பு. அதைத் திருத்துவதற்காக உருண்டையின் வெளிப்புறத்தில் எரிவதைத் தணிக்கும் ஒரு பூச்சை ஊறவைக்கிறார்கள். பூச்சு இருக்கும் வரை நிதானமாக எரிந்து, உள்ளே போனதும் வேகம் பிடிக்கும். கசகசா போல என் விரலில் வழுக்கியது அப்படிப்பட்ட மருந்துதான். அதற்கு எச்110 என்று பெயர். டபிள்யூ296 என்று வேறு டப்பாவில் விற்பதும் அதே மருந்துதான்.

இங்கே கொஞ்சம் வரலாறு வேண்டும். .357 மேக்னம் 1935-இல் வந்தது. அதற்கு முன்னால் இருந்த .38 ஸ்பெஷல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது. அதன் கூடு கருமருந்தை நிரப்புவதற்கான அளவில் அமைந்தது. புகையில்லா மருந்து வந்தபோது கூட்டின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடந்தது. அந்த வெற்றிடத்தை மெதுவான மருந்தால் நிரப்பினால் என்ன என்று முயன்றவர்களில் ஒருவர் ஐடஹோ மாநிலத்துப் பண்ணைக்காரரான எல்மர் கீத். அவர்களைப் போன்றோரின் முயற்சியிலிருந்தே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .357-ஐக் கொண்டுவந்தது. பழைய ரிவால்வர்களுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே கூட்டை ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் நீட்டினார்கள். .38 ஸ்பெஷலின் அழுத்த வரம்பு 17,000 பவுண்டு, மேக்னத்தின் வரம்பு அதற்கு இரு மடங்கு என்பதை வைத்துப் பார்த்தால் அந்தச் சிறு நீட்டலின் அவசியம் விளங்கும். 1950-களின் நடுவில் .44 மேக்னம் வந்ததற்கும் கீத்தின் பல ஆண்டு வற்புறுத்தல் ஒரு காரணம். அவர் கையாண்ட மருந்தின் பெயர் 2400. மாப்பிள்ளையின் இரண்டாவது தட்டில் சாம்பல் துணுக்குகளாக இருந்தது அதுதான்.

இப்போது தேர்வுக்கு வருகிறேன். உச்ச வேகம் மட்டுமே குறிக்கோள் என்றால் எச்110 முன்னே நிற்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நிபந்தனைகளோடு வரும் மருந்து. வேல மரத்துக் கட்டையைத் தென்னை ஓலையைப் போல ஒரு தீக்குச்சியில் பற்றவைக்க முடியாது. பூச்சு ஏறிய உருண்டை மருந்தும் அப்படித்தான், அதற்கு மேக்னம் வகைப் பிரைமரின் சூடான தீ வேண்டும். கூடு ஏறத்தாழ நிறைந்திருக்க வேண்டும். ரவை கனமாக இருக்க வேண்டும். கூட்டின் வாய் ரவையின் பள்ளத்துக்குள் அழுத்தமாக மடிந்திருக்க வேண்டும். கிணற்றில் மேஸ்திரி குழியின் மேல் களிமண்ணைத் திணித்து இறுக்கியதும் இதே காரணத்துக்காகத்தான். அடைப்பு இல்லாத மருந்து புஸ்ஸென்று மேலே போய்விடும், கல் அசையாது. ரிவால்வரில் அந்த மடிப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. சுழலும் உருளையான சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் கூடுகள் அதோடு பின்னால் போக, ரவைகள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்க முயல்கின்றன. மடிப்பு தளர்வாக இருந்தால் ரவை மெல்ல மெல்ல முன்னே நழுவிச் சிலிண்டருக்கு வெளியே தலைநீட்டி, சுழலவிடாமல் பூட்டிவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, இந்த மருந்தைக் குறைத்துப் போடக் கூடாது. வெளியிட்ட அளவிலிருந்து நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று அதை விற்கும் நிறுவனமே கையேட்டில் எச்சரிக்கிறது. மற்ற மருந்துகளுக்குப் பொதுவாகச் சொல்லும் அறிவுரை, பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கி மெல்ல ஏறு என்பது. அதற்குப் பழகியவர்கள் இதிலும் அப்படியே செய்துவிடுவார்கள். குறைத்தால் ஆபத்தில்லை என்று மனம் தானாகவே நினைத்துக்கொள்கிறது. மாப்பிள்ளையும் தம் முதல் ஆண்டில் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

என் தங்கைக்கு அந்த உதை பிடிக்கவில்லை. அவளுக்காக மென்மையான தோட்டா செய்யலாம் என்று, அவர் அதே உருண்டை மருந்தைக் கையேட்டின் அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைத்து நிரப்பியிருக்கிறார். முதல் இரண்டு தோட்டாக்கள் சத்தம் தளர்ந்து, ஆனால் எப்படியோ இலக்குப் பலகையைத் தொட்டன. மூன்றாவதில் துப்பாக்கியின் சுத்தியான குதிரை விழுந்த சத்தமும் ஒரு மெல்லிய புஸ்ஸும் மட்டும் கேட்டன. இலக்கில் ஓட்டை இல்லை. தங்கை மறுபடியும் குதிரையை இழுக்கப் போனபோது அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். பிரைமரின் தீ, மருந்து முழுமையாகப் பற்றுவதற்கு முன்பே ரவையைக் கூட்டிலிருந்து தள்ளிவிட்டது. ரவை நகர்ந்ததால் இடம் பெருகி அழுத்தம் விழுந்தது. இந்த மருந்து அழுத்தம் இருந்தால்தான் ஒழுங்காக எரியும், அழுத்தம் விழுந்ததும் அணைந்துவிட்டது. ரவை சிலிண்டரில் பாதியும் குழலில் பாதியுமாக நின்று, சிலிண்டரைத் திறக்கவே விடவில்லை. வாய்ப்புறத்திலிருந்து கம்பி விட்டு அதைப் பின்னுக்குத் தட்டிய பிறகுதான் திறந்ததாம். உள்ளே மஞ்சள் பாரித்துப் பாதி எரிந்த மணிகள் ஒட்டிக்கொண்டு கட்டியாகக் கிடந்தனவாம். அந்த ரவை இன்னும் சற்று முன்னே போய்க் குழலுக்குள் முழுதும் ஒளிந்திருந்தால் சிலிண்டர் தாராளமாகச் சுழன்றிருக்கும், அடுத்த தோட்டாவும் வெடித்திருக்கும். முன்னால் அடைப்பு இருக்கும் குழலில் பின்னால் இன்னொரு ரவை மோதினால் குழல் பிளக்கும்.

அந்த ரவையை அவர் எனக்குக் காட்டினார். தங்கையின் பழைய குங்குமச் சிமிழில் பஞ்சு வைத்து அதன்மேல் கிடந்தது. ரவையின் நடுவிலிருந்து முன்பக்கம் வரை குழலின் வரிப்பள்ளங்கள் ஐந்து கோடுகளாகப் பதிந்திருந்தன. பின்பாதி டையிலிருந்து வந்ததுபோல மொழுமொழுவென்று இருந்தது. சிமிழை மேசையில் அளவைத் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.

“மென்மையா வேணும்னா மெதுவான மருந்தைக் குறைக்கக் கூடாதுங்க மச்சான். மருந்தையே மாத்தோணும்,” என்றார். இப்போது தங்கைக்கு அவர் நிரப்புவது .38 ஸ்பெஷல் அளவிலான தோட்டா. அதற்கு வேகமாக எரியும் மருந்து. சிறிதளவு போதும், அணையாது, உதையும் குறைவு.

ஆனால் வேகமான மருந்துக்கு அதற்கென்று ஒரு கேடு இருக்கிறது, அதையும் அன்றைக்கே பார்த்தேன். உரிய அளவை ஊற்றிக் கூட்டுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் அடியில் கொஞ்சமாகத்தான் தெரிகிறது. கவனம் சிதறி இரண்டாம் முறை ஊற்றிவிட்டாலும் கூடு நிறையாது, ரவை பொருந்திவிடும், வெளியிலிருந்து பார்த்தால் நல்ல தோட்டாவுக்கும் இதற்கும் வேற்றுமை தெரியாது. சுட்டால் சிலிண்டர் கிழியலாம். மெதுவான மருந்தில் இந்தத் தவறு நடக்கவே முடியாது. இரண்டாம் முறை ஊற்றினால் மேசையெல்லாம் கொட்டிவிடும். மேக்னத்துக்கு மெதுவான மருந்தைப் பரிந்துரைப்பதற்கு வேகத்தைவிட இதுவே எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது. தோட்டா நிரப்புபவன் மனிதன், வீட்டில் தொலைபேசி ஒலிக்கும், குழந்தை கூப்பிடும்.

இன்னொன்று, மெதுவான மருந்து துப்பாக்கியையும் தின்னும். ரிவால்வரில் சிலிண்டர் சுழல வேண்டுமென்பதால் அதற்கும் குழலுக்கும் இடையே ஓர் இடைவெளி விட்டே ஆக வேண்டும். எங்கள் பட்டறை மொழியில் சொன்னால் ஆறு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு. மாப்பிள்ளையின் துப்பாக்கியில் நானே ஃபீலர் கேஜ் விட்டு அளந்தேன், ஆறு தௌ சரியாக நுழைந்தது. அந்தச் சந்து வழியாகப் பீறிடும் தீ, மேலே இருக்கும் எஃகுப் பட்டையில் நூல்போல ஒரு கோடு வெட்டியிருந்தது. கேஸ் கட்டிங்கில் கைதவறித் தீ பட்ட தகட்டின் ஓரம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது அந்தக் கோட்டின் விளிம்பு. ஓரளவு ஆழத்தோடு அது நின்றுவிடும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். ஆனால் 110, 125 கிரெயின் போன்ற இலகுவான ரவைகளுக்குப் பின்னால் உருண்டை மருந்தை நிறைத்துச் சுட்டால் இந்த அரிப்பு கூடும், சிறிய சட்டமுள்ள ரிவால்வர்களில் குழலின் பின்வாயும் கெடும். கனமான ரவைக்கே இந்த மருந்து என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிரெயின் என்ற எடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். நம் ஆசாரிகள் பொன்னுக்கு வைத்து நிறுத்த குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெயினுக்குச் சற்றுக் குறைவு. கிரெயின் என்பதும் தானிய மணியிலிருந்து வந்த அளவுதான். மாப்பிள்ளையின் தராசு அந்த ஒரு கிரெயினைப் பத்தாகப் பிரித்துக் காட்டுகிறது. அதாவது அவர் குன்றிமணியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குக்குக் கணக்குப் பார்க்கிறார். மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும், மற்றவை பூட்டிய அலமாரியில் இருக்கும். ஒருநாள் எனக்குக் காட்டுவதற்காக எடுத்த இரண்டாவது டப்பா மேசையில் நின்றுவிட்டது. அதைக் கவனித்ததும், அளவையில் இருந்த மருந்து எந்த டப்பாவினுடையது என்று தமக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், அதை முழுவதும் வெளியே கொண்டுபோய்த் தரையில் கொட்டினார். நான் வீணாகிறதே என்றேன். “தெரியும்னு நெனைக்கறது வேற, தெரியறது வேறங்க,” என்று சொல்லிவிட்டு அளவையைத் துடைத்து முதலிலிருந்து தொடங்கினார்.

நான் துப்பாக்கி வைத்திருப்பவன் அல்லன். ஆயினும் மூன்று மாதம் பார்த்ததையும் கையேடுகளைப் படித்ததையும் வைத்து எனக்கென்று ஒரு தீர்ப்பு உண்டு. முழு வேகத்தின் கடைசி 50 அடிக்காக எச்110-இன் எல்லா நிபந்தனைகளையும் ஏற்கத் தயாராக இருப்பவர் அதை எடுக்கட்டும். மற்ற எல்லாருக்கும் 2400 தான் சரியான மருந்து. உச்ச வேகத்தில் அது சற்றே பின்தங்கும். ஆனால் பெரும்பாலான கையேடுகளில் சாதாரணப் பிரைமரே அதற்குப் போதும், வரம்புக்குள் ஓரளவு குறைத்தாலும் அணையாமல் எரியும், கூட்டையும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நிரப்பும். எந்த மருந்து எதைவிட வேகம் என்று வரிசையிட்ட அட்டவணைகள் இருக்கின்றன. அவை முன்பின் என்ற வரிசையைத்தான் சொல்லும், இடையில் உள்ள தூரத்தைச் சொல்லா. அடுத்தடுத்த பெயர்கள்தானே என்று ஒன்றுக்குரிய அளவை இன்னொன்றுக்குப் போட்டவர்கள் உண்டு.

ஊர் திரும்பிய மறுவாரம் அப்புச்சி தோட்டத்துக்குப் போனேன். இப்போது அங்கே ஆழ்துளைக் கிணறுதான், பழைய கிணறு வறண்டு கிடக்கிறது. படியில் கொஞ்சம் இறங்கிச் சுவரைப் பார்த்தேன். தோட்டா வைத்த பக்கத்தில் பாறை சில்லுச்சில்லாகச் சிதைந்து, எங்கே குழி போட்டார்கள் என்றே தெரியவில்லை. கருமருந்து வைத்த பக்கத்தில், துளைக்கம்பி போட்ட குழிகளின் பாதி வட்டம் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் அப்படியே நின்றது. மறுபாதி கல்லோடு சேர்ந்து பெயர்ந்து மேலே வந்து, இன்றைக்கும் கிணற்றின் சுற்றுச்சுவரில் இருக்கிறது. படம் எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். உடனே தொலைபேசியில் அழைத்து, குழிக்குக் குழி எவ்வளவு தூரம், எத்தனை ஆழம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர், முடிவில், கம்பி ஒன்று வேண்டும் என்றார். அன்றைக்கு ரவையைத் தட்டியெடுத்த கம்பி இரும்பு, குழலைக் கீறிவிடும் என்று இத்தனை ஆண்டுகளாக அவருக்கு மனக்குறை.

எட்டு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியில் பத்து அங்குலம் வெட்டி லேத்தில் ஏற்றினேன். நீளம் முழுவதும் எமரி பிடித்து மொழுமொழுப்பாக்கி, ஒரு முனையை மட்டும் ரவையின் தலை உட்காருமாறு ஒரு மில்லிமீட்டர் குழித்து, விளிம்பை உருட்டிவிட்டேன். பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பும் அவருடைய அண்ணன் மகனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.